தாலபுடன் கேட்ட கேள்வி

ராஜகிருகத்து வேணுவனத்தில் புத்தர் தங்கியிருந்தபோது, தாலபுடன் என்ற கூத்தர் தலைவன் அவரைப் பார்க்க வந்தான். பாலி மொழியில் உள்ள சம்யுத்த நிகாயம் இந்தச் சந்திப்பைப் பதிவு செய்திருக்கிறது. அரங்கேறி மெய்யும் பொய்யும் கலந்து மக்களை மகிழ்விக்கும் நடிகன், இறந்த பிறகு சிரிக்கும் தேவர்களோடு போய்ச் சேர்வான் என்று பழைய ஆசான்கள் சொல்லியிருக்கிறார்களே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். அதை விட்டுவிடு, கேட்காதே என்றார் புத்தர். மறுபடியும் கேட்டான். மறுபடியும் அதே பதில். மூன்றாம் முறையும் அவன் விடாமல் கேட்கவே, புத்தர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஆசையிலும் வெறுப்பிலும் மயக்கத்திலும் ஏற்கெனவே கட்டுண்டு கிடக்கிற மக்களிடம் அவற்றையே இன்னும் கிளறிவிடுகிறவன், தானும் மயங்கிப் பிறரையும் மயக்குகிறான். அவன் போகுமிடம் நரகம். தாலபுடன் அழுதுவிட்டான். இந்தப் பதிலுக்காக அழவில்லை, இத்தனை காலம் ஆசான்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்களே என்றுதான் அழுகிறேன் என்றான்.

அதற்கு அடுத்த சூத்திரத்தில் ஒரு போர்வீரர் தலைவன் வருகிறான். களத்தில் ஊக்கத்தோடு போரிட்டு மடிகிறவனுக்குத் தேவருலகம் உண்டாமே, உண்மைதானா என்பது அவன் கேள்வி. அவனுக்கும் இரண்டு முறை மறுப்பு, மூன்றாம் முறை கசப்பான உண்மை. எதிரில் நிற்பவன் வெட்டுப்பட்டுச் சாகட்டும் என்று நினைத்துப் போரிடும்போதே அந்த மனம் தாழ்ந்துவிட்டது என்கிறார் புத்தர்.

நடிகனையும் போர்வீரனையும் ஒரே உடம்பில் சேர்த்தால் கிடைப்பவன் தற்காப்புக்கலைப் படத்தின் நாயகன். சொர்க்கம் கேட்டு வந்த இருவருக்கும் புத்தர் சொன்ன பதில் அவனுக்குச் சேர்த்துப் பொருந்தும். அவனைப் பார்த்துக் கைதட்டுகிறவர்களும் தப்ப முடியாது. தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜாலம், துறவி விலக்க வேண்டிய வேடிக்கைகளை அடுக்கும்போது யானைச் சண்டை, குதிரைச் சண்டை, சேவல் சண்டையோடு சிலம்பம், குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் உலகத்தின் மிக வேகமான சண்டைப் படங்களில் பல பிறந்தது பௌத்தம் வேரூன்றிய ஊர்களில்தான். ஷாவோலின் மடத்தைக் கதைக்களமாக வைத்த ஹாங்காங் படங்களை விட்டுவிட்டால் அந்த மரபே பாதியாகச் சுருங்கிவிடும். கொல்லாமையை முதல் சீலமாக வைத்திருக்கும் சமயத்தின் முற்றத்தில் இவ்வளவு அடிதடி எப்படி நடக்கிறது? அதைப் பார்த்து, நல்லவர்கள், ஈ எறும்பைக்கூட மிதிக்கத் தயங்குகிறவர்கள், ஏன் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறார்கள்?

தாய்லாந்தின் ‘ஓங் பாக்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். 2003இல் வந்தது. பிரச்சயா பிங்கேவ் இயக்கினார், சண்டைகளை பன்னா ரித்திக்ராய் அமைத்தார், டோனி ஜா நடித்தார். கிராமத்துக் கோயிலில் இருக்கும் புத்தர் சிலையின் தலையை ஒருவன் அறுத்துக்கொண்டு பாங்காக் போய்விடுகிறான். அதை மீட்கப் போகும் இளைஞன் டிங்குக்கு முவாய் தாய் கற்றுக்கொடுத்தவர் ஒரு துறவி. கற்றுக்கொடுத்துவிட்டு, இதை நீ பயன்படுத்தக் கூடாது என்று அவனிடம் வாக்கும் வாங்கிவிடுகிறார். அவர் அவனுக்குக் கொடுத்த கலையும் அவர் வாங்கிய வாக்கும் மோதுவதுதான் படம்.

நகரத்தில் டிங் முதலில் ஓடுகிறான். சந்தைக்குள் துரத்தல் தொடங்குகிறது. நகரும் வண்டிக்கு அடியில் கால்களைப் பரப்பிச் சறுக்கிப் போகிறான், முள்கம்பி வளையத்துக்குள் பாய்ந்து மறுபக்கம் விழுகிறான், கூட்டத்தின் தலைகள் மேல் தாவிப் போகிறான். ஓடுகிறவனிடம் கோபம் துளிகூட இல்லை. பிறகு வேறு வழியில்லாமல் அடிக்கத் தொடங்கும்போது முழங்கையும் முழங்காலும் இறங்குகிற வேகத்தில் பார்ப்பவர் உடம்பே ஒரு நொடி சுருங்கிக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் கால்சட்டையில் தீப்பற்றி எரிய, எரிகிற காலாலேயே உதைக்கிறான். ரோப் இல்லை, டூப் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை என்று சொல்லித்தான் படத்தை விற்றார்கள். சாகசத்தை ஒரு முறை காட்டிவிட்டு இன்னொரு கோணத்திலிருந்து மெதுவாக மறுபடியும் காட்டுகிறார்கள். கதை சொல்லும் இலக்கணப்படி பார்த்தால் இது தவறு, காலம் அறுந்துபோகிறது. ஆனால் அங்கே காட்சி கதையை விட்டு வெளியே வந்து சாட்சி சொல்கிறது: இது நடந்தது, இந்த உடம்பு இதைச் செய்தது, நன்றாகப் பார்த்துக்கொள்.

படத்தின் முடிவில் டிங் துறவு பூணும் சடங்குக்காக யானை மேல் ஊர்வலமாக வருகிறான். 2010இல் டோனி ஜாவே தன் சொந்த மாகாணமான சுரினில் காவி உடுத்தித் துறவியானார். தாய்லாந்தில் ஆண்கள் சில காலம் துறவியாக இருந்துவிட்டு வீடு திரும்புவது வழக்கம். அவரும் திரும்பி வந்து மறுபடி நடித்தார். தாலபுடனோ திரும்பவில்லை. சங்கத்தில் சேர்ந்து அருகர் நிலையை அடைந்தான் என்கிறது மரபு. தேரகாதையில் உள்ள நீண்ட பாடல்களில் ஒன்று அவன் பெயரில் இருக்கிறது, அதில் அவன் பேசுவது தன் மனத்தோடு.

இந்தப் படங்களின் ஈர்ப்புக்கு வழக்கமாகச் சொல்லும் காரணம், உள்ளே தேங்கிய வன்மம் வடிந்துபோகிறது என்பது. அரிஸ்டாட்டில் துன்பியல் நாடகத்தைப் பற்றிச் சொன்னதை இழுத்து நீட்டி இங்கேயும் ஒட்டவைக்கிறார்கள். அது போதாது. வன்மம்தான் வடிய வேண்டும் என்றால் எந்த மட்டமான சண்டையும் போதும். நடிகரின் முகத்தை ஒரு ஷாட்டிலும் டூப்பின் முதுகை அடுத்த ஷாட்டிலும் காட்டி எடிட்டிங்கில் ஒட்டிய சண்டையைப் பார்க்கும்போது கொட்டாவி வருகிறதே, ஏன்? அடிகளின் எண்ணிக்கை அதே, விழுகிறவர்களும் அதே. அப்படியானால் ரசிகர் தேடி வருவது அடியை மட்டும் அல்ல.

லாவ் கார்-லியுங் இயக்கிய ‘ஷாவோலினின் 36ஆவது அறை’ (1978) இதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது. கோர்டன் லியு நடித்த அந்தப் படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பயிற்சிதான். நீரில் மிதக்கும் கட்டைகள் மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோற்றுக்கூடத்துக்குப் போகலாம். தண்ணீர் வாளிகளைக் கைகளை நீட்டித் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கை தாழ்ந்தால் மேல்கையில் கட்டியிருக்கும் கத்தி விலாவில் குத்தும். எதிரி யாரும் இல்லாத இந்தக் காட்சிகளைத்தான் பார்த்தவர்கள் பல பத்தாண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஒரு மனிதன் தன் சோம்பலோடும் வலியோடும் போராடி, நேற்று முடியாததை இன்று முடிப்பதைப் பார்ப்பதில் ஒரு தூய்மையான இன்பம் இருக்கிறது. சங்கீதத்தில் அதைச் சாதகம் என்கிறோம், துறவில் தவம் என்கிறோம். சண்டை என்பது அந்தச் சாதகம் கண்ணுக்குத் தெரியும் மேடை. வயலினில் ஒரு சுரம் பிசகினால் தேர்ந்த காது மட்டும் கண்டுபிடிக்கும், முழங்கால் பிசகினால் எல்லோருக்கும் தெரியும்.

மடத்துக்கும் முஷ்டிக்கும் என்ன உறவு என்ற கேள்வியைச் சீனர்களும் தங்களுக்குள் கேட்டுக்கொண்டவர்கள்தான். அதற்கு அவர்கள் கண்டெடுத்த பதிலில் தென்னிந்தியா வருகிறது. தென்னாட்டு அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் போதிதர்மர் சீனா போய்த் தியானத்தையும், உட்கார்ந்தே இருந்து தளர்ந்துபோன துறவிகளுக்கு உடற்பயிற்சியையும் கொடுத்தார் என்பது கதை. 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ அவரைக் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசராகத் தமிழ் ரசிகர்கள் முன் நிறுத்தியது. வரலாற்று ஆய்வாளர்கள் இதில் இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அவர் தென்னிந்தியர் என்பதற்குப் பழைய சீனக் குறிப்பு இருக்கிறது, பாரசீகர் என்று சொல்லும் ஆறாம் நூற்றாண்டுக் குறிப்பும் இருக்கிறது. சண்டைக்கலையை அவரோடு இணைக்கும் கதையோ 17ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு பயிற்சி நூலிலிருந்து கிளம்பியது. அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்பே, 621இல், ஷாவோலின் துறவிகள் தாங் வம்சத்து லி ஷிமினுக்காக ஆயுதம் எடுத்திருக்கிறார்கள். 728இல் நட்ட கல்வெட்டு அதைச் சொல்கிறது. மடத்துக்கு நிலம் இருந்தது, நிலத்தைக் காக்க ஆள் தேவைப்பட்டது, அரசியல் வந்தது. இந்த உண்மையைவிடப் போதிதர்மர் கதை மக்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. தியானமும் முஷ்டியும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று அது சொல்கிறது, அப்படி இருக்க வேண்டும் என்று மனம் ஏங்குகிறது.

அந்த ஏக்கத்துக்கு ஒரு தத்துவ ஆதாரமும் உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஜென் துறவி தகுவான் சோஹோ, வாள்வீச்சு ஆசான் யாக்யு முனேனோரிக்கு எழுதியவற்றில் இதை விரிவாகப் பேசுகிறார். எதிரியின் வாளில் மனம் போய் நின்றால் வாள் மனத்தைப் பிடித்துவிடும். தன் கையில் நின்றால் கை பிடித்துவிடும். எங்கும் நிற்காத மனம்தான் எல்லாவற்றையும் பார்க்கும். விடாமல் அடிக்கும் ஒரு நல்ல சண்டைக் காட்சி பார்ப்பவருக்குள் இதன் நிழலையாவது உண்டாக்குகிறது. கடன், அலுவலகம், நாளைய கவலை எதுவும் அந்த மூன்று நிமிடத்தில் நினைவில் இல்லை. நான் என்ற எண்ணமே கரைந்து, கண் மட்டும் இருக்கிறது. சாமி ஊர்வலத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும்போது கூட்டத்துக்கு நேர்வதும் இதை ஒத்ததே.

ஆனால் தன்னை மறப்பது மட்டுமே நன்மையாகிவிடாது. பிரையன் விக்டோரியா 1997இல் வெளியிட்ட ‘ஜென் அட் வார்’ என்ற நூல் தன்னை மறப்பதே நன்மை என்ற நம்பிக்கையை உடைத்துப் போட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானின் மதிப்புக்குரிய ஜென் ஆசான்கள் பலர், தன்னை மறந்து கொல்லும் படைவீரனின் மனத்தை ஞானத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேசியதை அது ஆவணங்களோடு காட்டுகிறது. எங்கும் நிற்காத மனம் எதிரில் இருப்பவன் மனிதன் என்ற இடத்திலும் நிற்காமல் போய்விட முடியும். இதைச் சமாதானம் சொல்லி மழுப்ப முடியாது.

மேற்கில் இதே பள்ளத்தை நான்காம் நூற்றாண்டிலேயே ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டார். புனித அகஸ்டின் தன் ‘ஒப்புதல்கள்’ நூலின் ஆறாம் பாகத்தில் நண்பர் அலிப்பியுஸின் கதையைச் சொல்கிறார். சட்டம் படிக்க ரோமாபுரிக்கு வந்த அலிப்பியுஸுக்குக் கிளாடியேட்டர் சண்டை என்றாலே அருவருப்பு. நண்பர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துப் போகிறார்கள். என் உடம்பைத்தான் உட்காரவைக்க முடியும், கண்ணையும் மனத்தையும் முடியாது என்று சொல்லிக் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். காதை மூட மறந்துவிட்டார். யாரோ ஒருவன் விழுந்தபோது கூட்டம் போட்ட கூச்சல் உள்ளே புகுந்து கண்ணைத் திறந்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்தார், முகத்தைத் திருப்பவில்லை, கத்தினார், கொதித்தார். அதன் பிறகு தானே போனதோடு நிற்காமல் மற்றவர்களையும் இழுத்துப் போனார். பின்னாளில் ஆயரானவர் இந்த அலிப்பியுஸ். சினிமாவில் ஓடுவது சாயம், ரோமாபுரியில் ஓடியது ரத்தம் என்பது சரியான மறுப்புதான், இந்த வேறுபாடு சிறியதல்ல. ஆனால் தாலபுடனின் அரங்கிலும் ரத்தம் ஓடவில்லை. புத்தர் கேட்டது பார்ப்பவன் மனத்தில் எது கிளறப்படுகிறது என்பதை.

இந்தோனேசியப் படமான ‘தி ரெய்ட்’ (2011) இந்தக் கேள்வியை நேருக்கு நேர் நிறுத்துகிறது. இயக்குநர் கேரத் எவன்ஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். பென்சாக் சிலாட் கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போன இடத்தில் ஈகோ உவைஸைக் கண்டெடுத்தார். 101 நிமிடப் படம். ஜகார்த்தாவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், மேல்தளத்தில் ஒரு கடத்தல் தலைவன், கீழிருந்து ஏறும் போலீஸ் படை. முதல் காட்சியில் ராமா என்ற இளம் போலீஸ்காரன் விடியலில் தொழுகிறான். அதற்குப் பிறகு குத்துப்பையில் குத்துகிறான், கர்ப்பிணி மனைவியிடம் விடைபெறுகிறான். தொழுகையில் தரையைத் தொட்ட நெற்றியோடு தொடங்கும் படம் அதன் பிறகு மூச்சு விட இடம் தருவதில்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். பலர் கொதித்தபோதும் அவர் தன் கருத்திலிருந்து இறங்கவில்லை.

ஈபர்ட் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நடைகூடத்தில் அலை அலையாக வரும் ஆட்களுக்குப் பெயர் இல்லை, ஒவ்வொருவனும் ஒரு புது விதத்தில் உடைவதற்காகவே வருகிறான். ஆனால் படத்தின் மிகச் சிறந்த நிமிடத்தில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. காயம்பட்ட தோழனோடு ராமா ஒரு சுவருக்குப் பின்னால் இருக்கும் இடுக்கில் ஒளிந்திருக்கிறான். வெளியே தேடி வந்தவன் சந்தேகத்தில் வெட்டுக்கத்தியைச் சுவருக்குள் குத்திக் குத்திப் பார்க்கிறான். ஒரு குத்து ராமாவின் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கிறது. அவன் முனகவில்லை. கத்தி பின்வாங்கும்போது அதில் படிந்த ரத்தக்கறை வெளியே தெரிந்துவிடாதபடி துடைத்துவிடுகிறான். ஒரு தேர்ந்த உடம்பால் இதைச் செய்ய முடிகிறது. விடியற்காலைத் தொழுகை எந்த ஒழுங்கைக் கற்றுத் தருகிறதோ அது இங்கே வேலை செய்கிறது என்று பார்ப்பவருக்கு உடனே புரிந்துவிடுகிறது.

இன்னொரு இடமும் இருக்கிறது. மேட் டாக் என்ற அடியாளாக நடித்த யாயன் ருஹியன் உண்மையிலேயே சிலாட் ஆசான். துப்பாக்கி முனையில் ஒரு அதிகாரியை அறைக்குள் கொண்டுவந்தவன், துப்பாக்கியை எடுத்து ஒதுக்கி வைக்கிறான். சுட்டால் அதில் சுவை இல்லை, கையால்தான் என்கிறான். பின்னொரு காட்சியில், சங்கிலியில் தொங்கவிட்டு அடித்துக்கொண்டிருந்த ராமாவின் அண்ணனை, ராமா உள்ளே வந்ததும் தானே இறக்கி விடுகிறான். இருவராக வந்தால்தான் சண்டை. எதிரியை இவ்வளவு முழுமையாக மதிக்கிறவர் படத்தில் வேறு யாரும் இல்லை. அவனிடம் இல்லாதது இரக்கம். கலையின் உச்சியில் நின்றுகொண்டு அதன் அறத்தைத் தொடாமலே இருக்க முடியும் என்பதற்கு அந்தக் குள்ளமான, களைப்பறியாத மனிதனைவிடத் தெளிவான சாட்சி இந்த வகைப் படங்களில் கிடைப்பது அரிது. எவன்ஸ் இதைத் தெரிந்தே வைத்தாரா என்பது முக்கியமில்லை, படம் அதைச் சொல்லிவிட்டது.

எனவே பிரிக்க வேண்டிய கோடு வன்முறை உண்டா இல்லையா என்பதில் ஓடவில்லை. விழுகிறவன் விழுந்த பிறகும் மனிதனாக இருக்கிறானா என்பதில் ஓடுகிறது. ஜாக்கி சானின் படங்களின் இறுதியில், பெயர்கள் ஓடும்போது, தவறிப்போன டேக்குகளைக் காட்டுவார்கள். 1986இல் வந்த ‘ஆர்மர் ஆஃப் காட்’ படப்பிடிப்பில், யூகோஸ்லாவியாவில், மரத்திலிருந்து தவறி விழுந்து ஜாக்கி சானுக்கு மண்டையோடு உடைந்தது. சிரித்துக்கொண்டே பார்த்த சண்டைக்குப் பின்னால் ஒரு ஸ்ட்ரெச்சர் இருந்தது என்று அந்தக் கடைசி நிமிடங்கள் சொல்லிவிடும். அடி வாங்கி விழுந்தவரை நாலு பேர் ஓடிவந்து தூக்குவதைப் பார்க்கிறோம். பெயரில்லாத அடியாளுக்கு அங்கே முகம் திரும்பக் கிடைக்கிறது.

இதைக் கதைக்குள்ளேயே செய்து காட்டியவர் லாவ் கார்-லியுங். இவருடைய தந்தை லாவ் சாம், லாம் சாய்-விங்கின் மாணவர். லாம், வோங் ஃபெய்-ஹுங்கின் மாணவர். அந்தப் புகழ்பெற்ற குவாங்டோங் ஆசானின் நேர் வழியில் கலை கற்றவர் இவர். கற்றதோடு கலையின் ஒழுக்கத்தையும் எடுத்துவந்தார். 1978இல் எடுத்த ‘ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்’ படத்தில் சீனக் கணவனுக்கும் ஜப்பானிய மனைவிக்கும் யார் நாட்டுக் கலை உயர்ந்தது என்று வீட்டில் தொடங்கும் வாக்குவாதம் வளர்ந்து, ஜப்பானிலிருந்து ஏழு வல்லுநர்கள் வந்து அவனோடு மோதும் அளவுக்குப் போகிறது. வாள், ஈட்டி, கராத்தே, ஜூடோ, நிஞ்சா தந்திரம் என்று ஏழு சண்டைகள். ஒருவரும் சாகவில்லை. ஜப்பானியரை வில்லனாகவே வைத்துப் பழகிய ஹாங்காங் திரையில், தோற்ற வல்லுநர்களின் மரியாதையையும் அவர் குலைக்கவில்லை.

1981இல் வந்த ‘மார்ஷியல் கிளப்’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. இளம் வோங் ஃபெய்-ஹுங்காக கோர்டன் லியு. எதிர்த்தரப்பு சூழ்ச்சி செய்து வடக்கிலிருந்து வந்த ஒரு ஆசானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவராக வாங் லுங்-வெய். கடைசிச் சண்டை ஒரு சந்துக்குள் நடக்கிறது. போகப் போகச் சந்து குறுகுகிறது. முதலில் கைகால்களை விரித்து அடிக்க இடம் இருக்கிறது, அப்புறம் தோள் இடிக்கிறது, கடைசியில் இரண்டு பேரும் பக்கவாட்டில் திரும்பி நின்றால்தான் ஆயிற்று. இடம் சுருங்கச் சுருங்க ஒவ்வொருவரும் கையாளும் முறை மாறுகிறது. பரந்த வெளியில் பயன்பட்டது இங்கே பயனற்றுப்போகிறது, மணிக்கட்டு அளவு அசைவுகள் மட்டும் மிஞ்சுகின்றன. இருவரும் ஒருவரையொருவர் படித்துக்கொண்டே போகிறார்கள். கொல்லும் எண்ணம் இருவருக்கும் இல்லை என்பது நடுவிலேயே தெரிந்துவிடுகிறது, ஆனாலும் பதற்றம் ஒரு துளி குறைவதில்லை. முடியும்போது வடநாட்டு ஆசான் எதிரில் இருப்பவன் யார் என்று புரிந்துகொண்டு, மரியாதையோடு விலகித் தன் வழியில் போகிறார்.

உயிர் போகும் என்ற அச்சம் இல்லாமல் சண்டை சுவைக்காது என்று வாதிடும் இயக்குநர்களுக்கும் ரசிகர்களுக்கும் அந்தச் சந்துச் சண்டையைப் போட்டுக் காட்டலாம். ஒரு சடலம்கூட இல்லாமல் அதே சிலிர்ப்பு வந்துவிட்டால், மற்ற படங்களில் நடைகூடம் நிறையக் கிடக்கும் சடலங்கள் எதற்காக என்று அவர்கள்தான் விளக்க வேண்டும். சில இடங்களில் விளக்கம் இருக்கும், கதை மரணத்தைக் கேட்டிருக்கும். பெரும்பாலான இடங்களில், கலையை முழுதாகக் காட்டும் பொறுமை இல்லாத எடிட்டிங்கும், அடுத்த ஆளை உடைக்கும் அவசரமும்தான் பதிலாக வரும். லாவ் கார்-லியுங் 2013இல் மறைந்தார். அவர் விட்டுப்போன சந்தில் அதன் பிறகு நுழைந்து பார்த்தவர்கள் மிகச் சிலர்.